சுவர் இல்லாத வாசக்கால்கள்

எங்கள் கடையில் வாசக்கால் வாங்கிப்போனவர்கள் ஜன்னல் வாங்கத் திரும்பி வரவில்லை. ஊரே வீடு கட்டுகிறது என்று எல்லோரும் பூரித்துப்போயிருந்த காலத்தில் என் கண்ணில் பட்டது இதுதான். நான் எதிலும் குறை பார்க்கிறவள் என்று என் கணவர் சொல்வார். பாயசத்தைக் கையில் கொடுத்தாலும் முந்திரியைத் தேடுவாள் என்று உறவுக்காரர்களிடம் கேலி பேசுவார். பேசட்டும். முந்திரி இல்லையென்றால் இல்லைதானே.

எண்பதுகள் முழுக்க அவர் குரோம்பேட்டைப் பக்கம் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்தார். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனாரும் அதே ஆலைதான். நாங்கள் பொழிச்சலூரில் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம். தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். சண்டையானாலும் அப்படித்தான். மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், ஆயுதபூஜைக்கு ஆலையில் பொரிகடலை. அதற்கு மேல் உலகத்தில் ஏதாவது இருக்கிறது என்று நாங்கள் யோசித்ததில்லை.

தொண்ணூறுகள் தொடங்கியபோது, விருப்பப்பட்டவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னது. வி.ஆர்.எஸ். என்பது அப்போதுதான் எங்கள் தெருவுக்குள் நுழைந்த வார்த்தை. என் கணவர் விருப்பப்பட்டார். கொழுந்தனார் இருந்துவிட்டார். கைக்கு வந்ததை வைத்து மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தோம். இரண்டு தச்சர்களை வைத்து வாசக்காலும் ஜன்னலும் செய்து விற்பது என்று ஆரம்பித்து, கொட்டகைக்குப் பின்னாலேயே குடிவந்தோம். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் வேலை. வாய் இருக்கிறதே, அதற்கும் ஒரு வேலை கொடுப்போம் என்றார் அவர்.

அந்த நேரம் நல்ல நேரம். வண்டலூர் தாண்டி, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரைக்கும் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இலவச வேன் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் கையில் ஒரு சாம்பார்சாதப் பொட்டலம் கொடுத்து மனையைக் காட்ட அழைத்துப்போவார்கள். மனை வாங்க நினைக்காதவர்கள்கூட பொட்டலத்துக்காகப் போய் மனையோடு திரும்பி வந்தார்கள். வானொலியிலும் பேப்பரிலும் ஒரே பேச்சு. கட்டட வேலை பெருகிவிட்டது, நாடு நிமிர்ந்துகொண்டு வருகிறது என்றார்கள். நானும் நம்பினேன். எங்கள் கொட்டகைக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது.

வாசக்கால் வைப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. கடைக்கால் போட்டு, பேஸ்மென்ட்டைத் தரைக்கு மேலே கொண்டுவந்ததும், நல்ல நாள் பார்த்துத் தலைவாசலுக்கான மரச்சட்டத்தை நிறுத்துவார்கள். அடியில் நவதானியமும் குந்துமணி அளவு தங்கமும் வைத்து, மேலே மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, சுற்றத்தைக் கூப்பிட்டுச் செய்வார்கள். வழக்கமாக அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சுவர் எழும்பும். ஆனால் அந்த வருஷங்களில் வேறொரு பழக்கம் கிளம்பியது. மனையை வெறுமனே போட்டுவைத்தால் வேறு யாராவது வளைத்துக்கொள்வார்கள், ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவார்கள் என்ற பயம். அதனால் பேஸ்மென்ட் போட்டு வாசக்காலை மட்டும் நிறுத்திவிட்டால் போதும், பிறகு அது மனை இல்லை, வீடு. மிச்சத்தை மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம். 'வாசக்கால் நின்னா வூடு தானா நிமிந்துக்கும்' என்று கடைக்கு வருகிற பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள்.

கொழுந்தனாரும் கூடுவாஞ்சேரியில் தவணைக்கு ஒரு மனை வாங்கினார். ஒரு தை மாதம் அதில் வாசக்கால் வைத்தார்கள். எங்கள் கடையிலிருந்தே நல்ல வேங்கை மரத்தில் ஒன்று இழைத்து, சீர்வரிசையாகக் கொண்டுபோய் இறக்கினோம். அன்றைக்கு என் ஓர்ப்படியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கொழுந்தனாரின் மனைவி அதிகம் பேசாதவள். அன்று அவள் பால் செம்போடு சுவரில்லாத அந்த வாசலுக்குள் வலது காலை வைத்து நுழைந்து, இது கூடம், இது சமையல்கட்டு என்று வெறும் மண்ணைக் காட்டி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெரிய பையன் பக்கவாட்டில் ஏறி ஓடிவந்தான். அவன் காதைப் பிடித்துத் திருப்பி, வாசல் வழியாக வரச்சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் சுற்றிலும் பார்த்தேன். அந்த லேஅவுட் முழுக்க எங்கு பார்த்தாலும் வாசக்கால்கள் நின்றன. ஒன்றுக்கும் சுவர் இல்லை. பாதிக்கு மேல் எங்கள் கடைச் சரக்கு.

என் கணவர் அதைப் பார்த்து மலர்ந்துபோனார். நான் அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் எங்கே வேலை என்று கேட்பது என் வழக்கம். அதற்குப் பிறகு பதிலைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். பாதிப் பேருக்கு மேல், முன்பு இன்ன ஆலையில் இருந்தேன் என்றுதான் சொன்னார்கள். பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலை, கிண்டியில் ஒரு பட்டறை, அம்பத்தூரில் இன்னொன்று. எல்லோரும் என் கணவரைப் போல விருப்பப்பட்டவர்கள். விலகும்போது வந்ததைப் பெண்சாதி கையில் கொடுத்தால் கரைந்துவிடும், மண்ணில் போட்டால் நிற்கும் என்று மண்ணில் போட்டார்கள். அது ஒரு தடவைதான் வரும். மாதாமாதம் வராது. அதனால்தான் வாசக்காலோடு நின்றுபோகிறது, ஜன்னலுக்கு ஆள் வருவதில்லை என்று எனக்கு விளங்கியது. விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்துவிட்டு, பானை பொங்குகிறது என்று குலவையிட்டால் எப்படி?

எங்களிடம் வாசக்கால் வாங்கியவர்களில் ஒரு கல்லூரிப் பேராசிரியரும் இருந்தார். பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு வீடு எழும்பினால் செங்கல், சிமெண்ட், கம்பி, பெயிண்ட், லாரி, டீக்கடை என்று எத்தனை வயிறு நிறைகிறது தெரியுமா என்று அழகாக விளக்குவார். நான் அவரிடம் கேட்டேன், வீடு முடிந்த மறுநாள் அந்தக் கொத்தனார் எங்கே போவார் என்று. அடுத்த வீட்டுக்கு என்றார். அந்த அடுத்த வீட்டைக் கட்டுகிறவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அதுதான் கேள்வி, கட்டுகிறவனுக்கு வேறெங்காவது நிரந்தரமாகச் சம்பளம் வந்தால்தான் இது ஓடும், இல்லாவிட்டால் சேர்த்துவைத்தது தீரும் வரைக்கும்தான் என்றார். படித்தவர், அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தும் அவரும் வாசக்காலோடு நிறுத்தியிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் ஆலையில் மறுபடியும் வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். பொங்கலுக்குள் முடிவு சொல்ல வேண்டும். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியும் வந்து சேர்ந்தால் கொட்டகையை இரட்டிப்பாக்கலாம், நேராகக் கேரளத்துக்குப் போய் மரம் எடுக்கலாம், இரண்டு பேரும் முதலாளி என்று கனவு கண்டார். கொழுந்தனார் ஞாயிறுதோறும் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கூட்டத்தைப் பார்ப்பார். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, மனைக்குத் தவணை. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பிறகு எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு ஓர்ப்படியும் கூட வந்தாள். அண்ணனும் தம்பியும் இருக்கும்போதே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, ஒரு வாரமா இவரு சரியாச் சாப்புட மாட்டேன்றாரு. நீங்க தெனிக்கும் நாலு பேரைப் பாக்குறீங்க. இன்னா பண்லாம், நீங்க சொல்லுங்க."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கொட்டகையின் பின்சுவரில் சாத்தி வைத்திருந்த ஜன்னல் சட்டங்களைக் காட்டினேன். வாசக்கால் வாங்குகிறவர்கள் அடுத்து இதற்குத்தான் வருவார்கள் என்று நம்பிச் செய்து வைத்தது. மேலே தூசி படிந்து, ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

"இதைப் பாருங்க தம்பி. கட்டட வேலையை நம்பி வராதீங்க. இங்க வர்றவங்க எல்லாம் ஆலையிலேர்ந்து வெளிய வந்த காசைத்தான் கொண்டாறாங்க. அது தீந்துட்டா கடையும் தீந்துடும். மாசச் சம்பளத்தை விட்டுடாதீங்க."

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று அன்று மாலை கேட்டதோடு சரி, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கொழுந்தனார் கையெழுத்துப் போடவில்லை, ஆலையிலேயே இருந்துவிட்டார். ஓர்ப்படி வீட்டில் பொங்கல் வைத்து, ஒரு தூக்கு நிறைய எனக்குக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு ஓர் ஆடி மாதம் வியாபாரம் படுத்தது. ஆடியில் படுப்பது வாடிக்கைதான், யாரும் ஆடியில் வாசக்கால் வைக்கமாட்டார்கள். ஆவணி வந்தது, எழுந்திருக்கவில்லை. தையும் வந்து போனது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இலவச வேன் நிற்பது நின்றது. மனையின் விலை ஏறாது என்று தெரிந்ததும், வாங்க ஒரே ஓட்டமாக ஓடினவர்கள் விற்க ஓடினார்கள். எங்கள் தச்சர்களில் ஒருவர் பெங்களூர் போனார், இன்னொருவர் சொந்த ஊருக்கே போய்விட்டார். காலையில் தாம்பரம் சானடோரியம் பக்கம் பஸ்ஸில் போனால், சட்டியும் கரணையுமாக வேலைக்கு நிற்கிற கொத்தனார்களும் சித்தாள்களும் பத்து மணிக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். என் கணவர் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார். தீட்டி என்ன செய்ய?

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. ஒரு குடும்பத்தையாவது இந்தப் பள்ளத்தில் விழாமல் தடுத்தோம் என்று நினைத்துக்கொள்வேன். மாதப் பிறப்பில் கொழுந்தனார் எங்களுக்கு அரிசி வாங்கிவந்து போட்டபோதெல்லாம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. முதலில் ஆலையில் ஓவர்டைம் இல்லை என்றார்கள். அப்புறம் ஒரு ஷிஃப்ட்தான். அப்புறம் சம்பளத்தைப் பாதி பாதியாகக் கொடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை போனால் வாயிலில் பூட்டு தொங்கியது, பக்கத்தில் ஒரு நோட்டீஸ். வெளியிலிருந்து வந்த சரக்கு மலிவாம், இவர்கள் சரக்கு தேங்கிவிட்டதாம். முன்னால் விருப்பப்பட்டுப் போனவர்களுக்காவது ஏதோ கிடைத்தது. கடைசி வரை இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறது என்று சங்கத்தில் சொன்னார்கள். அந்தக் கேஸ் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணா என்று விளையாட்டுக்குச் சொல்வோமே, அன்று அது விளையாட்டாக இல்லை. நான் சொன்னதில் ஒவ்வொன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால் தப்பு. கட்டட வேலை விழும் என்று எனக்குத் தெரிந்தது, ஆலை நிற்கும் என்று எப்படி நினைத்தேன்? ஆலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்ததால்தான் எங்கள் கடையில் கூட்டம் நின்றது. அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து தப்ப இன்னொன்றைக் காட்டினேன். அழுகை வந்தது. யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை.

பொழிச்சலூருக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவர்களே வந்தார்கள். கொழுந்தனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். அண்ணனிடம் வேலை கேட்டார். வேலை எங்கே இருக்கிறது என்று என் கணவர் கையை விரித்தார். அப்போதுதான் கொழுந்தனார் அந்த யோசனையைச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் மனைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற ஆரம்பித்திருந்தன. அரசாங்க உத்தியோகம், வெளிநாட்டுச் சம்பளம் என்று கையில் காசிருந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். ஆனால் இன்னொருவர் வைத்து, வீடாகாமல் வெயிலில் நின்ற வாசக்கால் ராசியில்லாதது, அதை எடுத்துவிட்டு மனையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இங்கேதான் சிக்கல். வைத்த வாசக்காலைப் பெயர்ப்பது எங்கள் பக்கம் பெரிய பாவம். பெயர்க்கிறவன் குடும்பம் தழைக்காது என்பார்கள். எந்தத் தச்சரும் தொடமாட்டார், கூலியாள்கூட ஏதாவது சொல்லி நழுவிவிடுவார். மனை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் ஆட்கள் தவித்தார்கள். அந்த வேலையைத்தான் தான் செய்வதாகச் சொன்னார் கொழுந்தனார்.

"எனக்கு இனிமே இன்னாண்ணா வந்துடப் போவுது?" என்றார்.

ஓர்ப்படி வேண்டாம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் காலிலும் விழுந்தாள். பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பாவம் அவர்கள் தலையில் விடியும் என்றாள். ஆனால் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. கொழுந்தனார் போனார். ஆலையில் எந்திரம் இறக்கிப் பழகிய கை. ஜாக்கி கொடுத்து, அடியில் மண்ணை நோண்டி, கீறல் விழாமல் எடுப்பார். அடியில் கிடக்கும் குந்துமணித் தங்கத்தைத் தாளில் மடித்து, கேட்காமலேயே மனைக்காரரிடம் கொடுத்துவிடுவார். எடுத்ததை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவருவோம். நாங்கள் செய்து அனுப்பியவையே வெயிலில் வெளுத்து, பிளந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் கணவர் அவற்றை இழைத்து மேசைக்கும் ஸ்டூலுக்கும் பயன்படுத்தினார். தம்பி எடுத்துவரும் மரத்தை இழைக்குமுன் ஒவ்வொரு தடவையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வேலை முடிந்து வரும் புருஷனை ஓர்ப்படி வாசலிலேயே நிறுத்தி, தலையோடு தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவாள் என்று அவள் பெரிய பையன் சொன்னான்.

கடைசியில் அவர்களுடைய மனைக்கும் ஆள் வந்தது. தவணை கட்டமுடியாமல் நின்று, வாடகை ஏறி, பெரியவனை அடுத்த வகுப்பில் சேர்க்க வேண்டிய நேரம். வாங்குகிறவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் அதே நிபந்தனையைச் சொன்னார்.

ஒரு நாள் காலை நானும் என் கணவரும் கொழுந்தனாரும் மீன்பாடி வண்டியில் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். பேஸ்மென்ட் மேல் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. வேங்கைச் சட்டம் மட்டும் அப்படியே நின்றது, நல்ல மரம். என் கணவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனார் மேல்சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கடப்பாரையை எடுத்து அடியில் ஊன்றினார். ஊன்றியவர் அழுத்தவில்லை. எத்தனையோ பேருடையதைச் சலனமில்லாமல் எடுத்தவர், தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார்.

யாரோ வரப்பில் நடந்து வருவது தெரிந்தது. ஓர்ப்படி. யாரிடமும் சொல்லாமல் மின்சார ரயில் பிடித்து வந்திருந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, பேஸ்மென்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பேஸ்மென்ட் மேல் ஏறினாள். வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள். உள்ளே போய்த் திரும்பி நின்று, வாசக்காலின் மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நானும் புடிக்கிறேன். பாவம்னா ரெண்டு பேருக்கும் சேந்தே வரட்டும்" என்றாள்.

கொழுந்தனார் கடப்பாரையை அழுத்தினார். நான் போய் அவள் பக்கத்தில் நின்று கைகொடுத்தேன். எனக்குப் பின்னால் என் கணவர் வண்டியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. வேங்கை ஒரு தடவை முனகிவிட்டு எங்கள் பக்கமாகச் சாய்ந்தது.